நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்), களப்பணி: உங்களால் மறக்க முடியாத சந்திப்பு எது?

நெல்லைக்காரி:
எச்.ஐ.வி. ஆபத்து அதிகம் உள்ளவர்களைத் தேடிப் போய் உதவும் டி.ஐ. திட்டத்தில் அவுட்ரீச் வேலை பார்த்தபோது நடந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அந்த வருடம் அரசு நிதி வந்து சேரவே இல்லை. எங்களுக்குச் சம்பளம் நின்றது, அந்தச் சமூகத்திலிருந்தே வந்து களப்பணி செய்யும் பியர் அக்காக்களுக்குக் கொடுக்கும் சொற்பப் பணமும் நின்றது. பஸ் ஸ்டாண்டு பகுதியைப் பார்த்துக்கொண்ட அக்கா டீக்கடை பெஞ்சில் தன் டைரியை விரித்தார். எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு படம்: பூ, மீன், குடை. ஆணுறை கொடுத்தால் ஒரு கோடு, ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனால் ஒரு வட்டம். குடைக்கு நேராக மட்டும் ஒன்றுமே இல்லை. "அவ பக்கத்து ஊருக்குப் போயிட்டா பாப்பா, போய்ப் பார்க்க பஸ்ஸுக்குக் காசில்ல" என்றார். இன்னும் அந்தக் காலிக் கட்டம் கண்ணிலேயே நிற்கிறது.

ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்:
அரசு நிதி என்றாலே இப்படித்தான் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 1995-இல் ஆபேக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் பணத்தில் வந்தது. நல்ல வேலை செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுப் பணம் ஒரு நாள் போய்விடும். 1994-இலேயே மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்தது நம் அரசு. அந்த அமைப்பு இருந்ததால்தான் நம்பிக்கை மையங்கள் இன்றும் நிற்கின்றன. தாமதத்தைக் கேளுங்கள், திட்டத்தையே குறை சொல்லாதீர்கள்.

என் அனுபவம்: எச்.ஐ.வி. எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க, கர்ப்பிணிகளிடம் ஒரு மையத்துக்கு 400 வீதம் ரத்த மாதிரி சேர்க்கும் கண்காணிப்பு நடந்துகொண்டிருந்தது. ஓர் அதிகாரி குளிர்பெட்டியைத் தட்டி, "நோய்தான் குறைஞ்சுபோச்சே, இன்னும் எதுக்குய்யா இந்தச் செலவு?" என்றார். குறைந்தது என்று அவருக்குச் சொன்னதே அந்தப் பெட்டிதான்! பதில் சொல்ல வாய் வரை வந்தது. ஒப்பந்தப் பணியாளன், அடக்கிக்கொண்டேன்.

நெல்லைக்காரி:
ஐயா, திட்டத்தை நான் எங்கே குறை சொன்னேன்? பணம் நேரத்துக்கு வரவில்லை என்றேன், அவ்வளவுதான்.

வடக்கே போனவன்:
2022-இல் எச்.ஐ.வி. மருந்துத் தட்டுப்பாடு. டெல்லியில் நாக்கோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) அலுவலகத்தில் நோயாளிகள் போராட்டம் நடத்தினார்களே, அதே சமயம். நான் போகும் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை) மையத்தில் மாதத்துக்கு ஒரு டப்பா தருவது வழக்கம். அன்று மருந்தாளுநர் ஒரு டப்பாவைத் திறந்து, மாத்திரைகளை எண்ணி எண்ணிக் காகிதக் கவரில் போட்டு நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் மேல் கோபம் வரவில்லை. கவர் லேசாக இருந்தது, அதுதான் பயம்.

இரவுப் பணி செவிலி:
ஒருமுறை கேஷுவல்டியில் எனக்கு ஊசி தவறிக் குத்திவிட்டது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து கையிருப்பில் இருந்தது, தப்பித்தேன்.

சரி, தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். மாத்திரை தீரும்வரை காத்திருக்காதே, கையில் கொஞ்சம் இருக்கும்போதே மையத்துக்குப் போய்விடு. ஊர் மாறினால் பச்சைப் புத்தகத்தோடு (சிகிச்சைப் பதிவுப் புத்தகம்) டிரான்ஸ்பர் சீட்டும் வாங்கிக்கொள். குறைவாகத் தந்தால் எத்தனை தந்தார்கள் என்று அந்தப் புத்தகத்திலேயே எழுதித் தரச் சொல். எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய், இலவசம். 2017 எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டப்படி புகாரை விசாரிக்க ஒவ்வொரு மாநிலத்திலும் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும், எழுத்தில் கொடு. அப்புறம், மற்றவர்களுக்கும்: பயன்படுத்திய ஊசி தவறிக் குத்தினால் ரத்தத்தைப் பிதுக்காதீர்கள், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். 72 மணி நேரத்துக்குள் முதல் வேளை மருந்து, பிறகு 28 நாள் விடாமல். விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள், அந்த இரவிலேயே டியூட்டி டாக்டரை எழுப்புங்கள்.