பக்கத்து இருக்கையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது?

வணக்கம். பெயர் சொல்லாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

எங்கள் பிரிவில் சேர்ந்து 4 மாதமே ஆன ஒரு பெண். மேலாளர் அவள் கணினியைப் பார்க்கிற சாக்கில் நாற்காலியின் முதுகில் கை வைத்துக் குனிவார். கை மெல்லத் தோளுக்கு வரும். இப்போதெல்லாம் அவர் வருவது தெரிந்தாலே அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறாள். பாட்டில் நிறைந்துதான் இருக்கும். இரவு 11 மணிக்கு மேல் "தூங்கிட்டியா?" என்று மெசேஜ் வேறு.

"அவர் எல்லோரிடமும் அப்படித்தான்" என்கிறார்கள். ஆண்களின் நாற்காலிப் பக்கம் அந்தக் கை போய் நான் பார்த்ததே இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கை (2019), ஒரே ஒருமுறை நடந்தாலும் தொல்லைதான் என்கிறது. வேலை தொடர்பான தகவல் பரிமாற்றங்களில் நடப்பதும் அதில் அடக்கம். ஆனால் புகார் என்றாலே, "வேண்டாம்க்கா, வேலை போயிடும்" என்கிறாள்.

பார்த்ததைத் தேதி, நேரத்தோடு குறித்து வருகிறேன். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று "சார், ஒரு ஃபைல் பார்க்கணும்" என்று நடுவில் புகுந்தேன், கையை எடுத்தார். சரி, தினமும் எத்தனை ஃபைலைக் கண்டுபிடிப்பது?

அவள் சம்மதம் இல்லாமல் நான் புகார் கொடுப்பது சரியா? சாட்சியாக மட்டும் யாராவது போயிருக்கிறீர்களா? அப்புறம், புகாருக்குப் பிறகு பழிவாங்கலை எப்படிச் சமாளித்தீர்கள்? அவளுடைய பயமே அதுதான். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.