ஃபைபர் போட்டா, கார்பன் போட்டா: அந்த 5 மடங்கு எங்கிருந்து வந்தது?

பட்டறைக்காரன்: நேற்று இந்த மன்றத்தின் இன்னொரு திரியில் விண்கலம் எழுதியது இது: "கார்பன் ஃபைபர், கண்ணாடி ஃபைபரை விட 5 மடங்கு வலு. நம் மீனவர்கள் இன்னும் பழைய ஃபைபர் போட்டிலேயே போவது அறியாமை." குளச்சல் பக்கம் ஃபைபர் போட் கட்டிப் பிழைக்கிறவன் நான். அச்சில் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு அடித்து, கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் என்ற பிசின் பூசி, காற்றுக் குமிழி போகும்வரை ரோலர் உருட்டுகிற வேலை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தப் போட் கரையெங்கும் பெருகியது. அறியாமை யாருக்கு என்று அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 5-க்கு கணக்கு சொல்லுங்கள்.

விண்கலம்: கணக்கா? போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி, இழையும் பிசினும் சேர்ந்த கலவைப் பொருள், அதில் பெரும்பங்கு கார்பன். மெக்லாரன் 1981-லேயே கார்பன் கூட்டில் ஃபார்முலா ஒன் கார் ஓட்டிவிட்டது. நீங்கள் இன்னும் ரோலர் உருட்டுகிறீர்கள். 5 மடங்கு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

பட்டறைக்காரன்: பள்ளிப் பிள்ளையைக் கூப்பிடுங்கள், அவனிடமே கேட்கிறேன். 787-ஐ யாரும் மணலில் இழுத்து ஏற்றுவதில்லை. எங்கள் போட் தினமும் அலையில் அடிபட்டுக் கரையேறுகிறது. பாறையில் மோதினால் அடிப்பக்கம் வெள்ளையாகக் கீறல் விடும். அந்த இடத்தை கிரைண்டரில் சாய்வாகத் தேய்த்து, மேட்டை முதலில் சின்னதாகவும் மேலே பெரிதாகவும் வெட்டி, ரெசினில் அதை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து ஒட்டினால் மறுநாள் கடலுக்குப் போகலாம். கார்பனில் அடி வெளியே தெரியாது, உள்ளே அடுக்கு பிரிந்து கிடக்கும். அதை யார் வந்து சோதிப்பார்கள், நீங்களா? 5 எங்கே?

நூலகத்து எலி: சண்டை வேண்டாம். ஈ-கிளாஸ் என்ற சாதாரண கண்ணாடி இழையின் இழுவலிமை, அதாவது அறுபடாமல் தாங்கும் இழுப்பு, சுமார் 3,400 மெகாபாஸ்கல். டி300 என்ற கார்பன் இழைக்கு சுமார் 3,500. கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் விறைப்பில், அதாவது வளையாமல் நிற்பதில்: கண்ணாடிக்கு 72 கிகாபாஸ்கல், கார்பனுக்கு 230. அதுவும் 3 மடங்குதான். எடையில் கார்பன் குறைவு. அறுபடும் முன் கண்ணாடி அதிகம் நீளும், கார்பன் அவ்வளவு நீளாது.

விண்கலம்: டி300 பாட்டன் காலத்து இழை. டி1000 பாருங்கள், 6,000-க்கு மேல்.

பட்டறைக்காரன்: 3,400-ஐ 5-ஆல் பெருக்கினால் 17,000. டி1000-ஐ இரண்டாக மடித்து வைத்தாலும் வராதே தம்பி.

விண்கலம்: நான் உங்கள் தம்பி இல்லை.

ஆரல்வாய்க் காற்று: இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர் முப்பந்தலில் சுற்றுகிற காற்றாலை இறக்கைகள் பெரும்பாலும் கண்ணாடி ஃபைபர்தான். மிக நீளமான இறக்கை என்றால் நடுத்தண்டில் மட்டும் கார்பன் சேர்ப்பார்கள். எது எங்கே தேவையோ...

விண்கலம்: பார்த்தீர்களா, முக்கியமான இடத்தில் கார்பன்!

பட்டறைக்காரன்: பார்த்தீர்களா, மிச்சம் முழுக்கக் கண்ணாடி! காற்று ஐயா, நீங்கள் நடுவில் வராதீர்கள். மின்கம்பத்தில் ஏறுகிறவர்கள் கையில் இருக்கிற மஞ்சள் ஏணி எதில் செய்தது? கண்ணாடி ஃபைபர். ஏன்? கரண்ட் கடத்தாது. கார்பன் கடத்தும். கார்பன் தூண்டிலை மின்கம்பிக்கு அடியில் தூக்கிப் பிடிக்கிறவன் கதி என்ன? இதற்கும் 5 மடங்கு போடுவீர்களா?

மட்டைப்பந்து மாமா: கார்பன் என்றதும் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பாண்டிங்கின் மட்டை ஞாபகம் வருகிறது. பின்பக்கம் கிராஃபைட் பட்டை ஒட்டியது, அதுவும் கார்பன்தான். 2006-ல் கிரிக்கெட் சட்டம் வகுக்கும் எம்.சி.சி அதை ஒத்துக்கொள்ளவில்லை.

விண்கலம்: அவ்வளவு வலு என்பதால்தான் தடை!

மட்டைப்பந்து மாமா: மட்டை மரத்தில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். வலுவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உங்கள் பைக் டேங்கில் ஒட்டியிருப்பதும் கார்பன் இல்லை, ஸ்டிக்கர். போன மாதம் படம் போட்டீர்களே.

விண்கலம்: அது ஸ்டிக்கர் என்று நான் மறைத்தேனா? ஹெல்மெட் திரியில் தோற்ற கடுப்பை இங்கே கொட்டாதீர்கள்.

மட்டைப்பந்து மாமா: தோற்றது யார் என்று அங்கே போய்ப் படியுங்கள்.

புதுவரவு: எங்கள் வீட்டு ஃபைபர் நாற்காலி இரண்டே வருடத்தில் உடைந்தது. ஃபைபரே தண்டம்.

பட்டறைக்காரன்: அது வெறும் பிளாஸ்டிக், அம்மா. இழையே கிடையாது. கடைக்காரர் சொன்னதை நம்பினால் நான் என்ன செய்ய?

நூலகத்து எலி: 2023-ல் டைட்டானிக்கைப் பார்க்கப் போன நீர்மூழ்கி நொறுங்கியதே, அதன் உருளை கார்பன்தான்.

விண்கலம்: கிட்டத்தட்ட 3,800 மீட்டர் ஆழத்துக்குப் போகிற கலத்தையும் மேலே மிதக்கிற போட்டையும் ஒப்பிடுகிறீர்கள். சிரிப்பு வருகிறது.

பட்டறைக்காரன்: விமானத்தையும் போட்டையும் ஒப்பிட்டபோது எனக்கும் அப்படித்தான் வந்தது. எதை விட 5 மடங்கு?

விண்கலம்: இரும்பை விட. முதலிலிருந்தே அதைத்தான் சொல்கிறேன்.

பட்டறைக்காரன்: "கண்ணாடி ஃபைபரை விட" என்று எழுதினீர்கள். மேலே அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது அந்தத் திரியில் போய்ப் பார்த்தால் "இரும்பை விட" என்று இருக்கிறது. திருத்தியது யார்?

விண்கலம்: யாரும் திருத்தவில்லை. உங்கள் கண்ணில் ரெசின் பட்டிருக்கும்.

பட்டறைக்காரன்: படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

விண்கலம்: போடுங்கள், பார்க்கலாம்.

ஆரல்வாய்க் காற்று: நான் சொல்ல வந்ததை முடிக்கவே விடவில்லை.