சிம்ப்சன்ஸ் கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் பார்ட் குறிப்பிடுபவர்கள் யார்?

கேள்வி: 1989 டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பான ‘தி சிம்ப்சன்ஸ்’ அமெரிக்க கார்ட்டூன் தொடரின் கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில், நாய்ப் பந்தயத்துக்குப் போகத் தயங்கும் தந்தையிடம், ஏழைப் பிள்ளைகளுக்கு இந்நாளில் அற்புதம் நிகழும் என்று வாதாடும் பார்ட் யார் யாரைச் சான்றாகக் காட்டுகிறான்?

பதில் 1: டைனி டிம், 1843இல் டிக்கன்ஸ் எழுதிய கதையில் வரும் நோயுற்ற சிறுவன், கார்ட்டூன் சிறுவன் சார்லி பிரவுனுக்கு 1965இல் ஒரு கிறிஸ்துமஸ் தொலைக்காட்சிப் படமே உண்டு, மூன்றாவதாக வருபவர்கள் நீல நிறக் கார்ட்டூன் குள்ளர்களான ஸ்மர்ஃபுகள். செவ்வியல் கதையையும் கார்ட்டூனையும் ஒரே தட்டில் வைப்பதிலேயே, தொலைக்காட்சியை ஆசானாகக் கொண்டு வளர்ந்தவனின் அறிவு தெரிந்துவிடுகிறது என்பதால், எனக்கு இதுவே அத்தியாயத்தின் சிறந்த நகைச்சுவை.

பதில் 2: உண்மைதான். ஆனால் பார்ட்டின் தந்தை ஹோமர் பந்தயத்தில் பணம் கட்டிய நாய் கடைசியாகத்தான் வருகிறது. உரிமையாளர் விரட்டிவிட்ட அந்த நாயே பிறகு குடும்பத்துக்குப் பரிசாகிறது. அத்தியாயத்தின் தலைப்பும் ஒரு பழைய கிறிஸ்துமஸ் பாடலின் முதல் வரியைக் கேலியாக மாற்றியதே.