விளக்கு வெளிச்சத்தில் ஃபோகஸ்: ரேஞ்ச்ஃபைண்டரா, எஸ்.எல்.ஆரா?

கேள்வி (காரைக்குடி):
தை மாதத்தில் பெரியப்பாவின் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) எங்கள் பூர்வீக வீட்டில் நடைபெறவிருக்கிறது. விடியற்காலைச் சடங்குகளின்போது வளவில் (உள்முற்றத்தில்) குத்துவிளக்குகளைத் தவிர வேறு வெளிச்சம் இராது. ஃபிளாஷ் அடிக்க எனக்கு மனமில்லை. என்னிடம் இருப்பது நிக்கான் எஃப்எம்2 என்ற எஸ்.எல்.ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் ஃபிலிம் கேமரா), அதனுடன் 35-70 மி.மீ. எஃப் 3.5 ஜூம் லென்ஸ் (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் ஒளி குறையும்). ஒத்திகையாக அப்பத்தாவை விளக்கருகில் அமர்த்தி, 70-இல் வைத்து ஒன்றேகால் மீட்டரிலிருந்து எடுத்த படங்களில் வைரத்தோடு துல்லியமாகவும் கண்கள் மங்கலாகவும் விழுந்திருக்கின்றன. ரேஞ்ச்ஃபைண்டருக்கு (தனிச் சாளரம் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமராவுக்கு) மாறினால் இது தீருமா?

மறுமொழி (கானாடுகாத்தான்):
பெருமளவு தீரும். எஸ்.எல்.ஆரில் தாங்கள் காண்பது லென்ஸ் வழியாக வரும் ஒளியை மட்டுமே, எஃப் 3.5 லென்ஸில் ஃபோகஸ் திரை இருண்டுவிடுவதோடு, கண் சற்று விலகினாலும் அதன் நடுவட்டத்தின் ஒரு பாதி கறுக்கத் தொடங்கும். ரேஞ்ச்ஃபைண்டரிலோ தனிச் சாளரங்கள் இரண்டின் வழியாக வரும் பிம்பங்களை ஒன்றோடொன்று பொருத்துகிறோம். எந்த லென்ஸை மாட்டினாலும் அந்தப் பொருத்தத்தின் தெளிவு மாறாது. 1954-இல் வந்த லைகா எம்3 இன்றும் இருட்டில் விரும்பப்படுவது, அதன் வியூஃபைண்டர் ஏறக்குறைய கண்ணளவு பெரிதாகக் காட்டுவதால்தான்.

ஆனால் பொருத்துவதற்கு நெடுக்குவாட்டில் ஒரு விளிம்பு வேண்டும். வரிசையாக நிற்கும் சன்னல் கம்பிகளை நோக்கினால் ஒரு கம்பி அடுத்த கம்பியோடு பொருந்தி ஏமாற்றிவிடும். நான் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் எடுத்த ஒரு முழு ஃபிலிம் சுருளும் இப்படித்தான் வீணாயிற்று. தோட்டின் மினுக்கம் எளிதில் பொருந்தும், அதனாலேயே அது ஆபத்து: தாங்கள் சொன்ன தூரத்தில் துல்லிய ஆழம் (முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் தூரம்) மொத்தமே 7 செ.மீ. அளவுதான், கண்ணோ காதுக்கு வெகுவாக முன்னால் இருக்கிறது. விழியில் தெரியும் விளக்குச் சுடரின் புள்ளியைப் பொருத்துங்கள்.

மறுமொழி (தேவகோட்டை):
அண்ணன் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும் கேமராவை மாற்றுமுன் லென்ஸை மாற்றிப் பாருங்கள். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் திரைக்கு ஏறக்குறைய 4 மடங்கு ஒளி வரும். மேலும், கழுத்திருவின் (செட்டிநாட்டுத் தாலி ஆரத்தின்) வேலைப்பாட்டை நெருங்கி எடுக்க விரும்பினால், 0.7 மீட்டருக்கோ 1 மீட்டருக்கோ உள்ளே வராத பெரும்பாலான ரேஞ்ச்ஃபைண்டர்கள் உதவமாட்டா. 85 மி.மீ., 135 மி.மீ. லென்ஸ்களுக்கும் எஸ்.எல்.ஆரே நம்பகமானது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நண்பர் ஒருவரிடம் பழைய கேனனெட் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்று இருக்கிறது, இரவல் வாங்கலாமா?

மறுமொழி (கானாடுகாத்தான்):
தாராளமாக வாங்கலாம்; அது எஃப் 1.7 லென்ஸ் உள்ள மாடலாக இருந்தால் போதுமானது. ஆனால் முதலில் மாடியேறி, தொலைவில் உள்ள கோபுரக் கலசத்தை நோக்கி, லென்ஸை முடிவிலிக் குறியில் நிறுத்திப் பாருங்கள். கலசம் அப்போதும் இரண்டாகத் தெரிந்தால் பொருத்தம் பிசகியிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் சாந்திக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.