ராத்திரி தூக்கத்துல எழுப்புற கிளஸ்டர் தலைவலி, என்ன பண்ணலாம்?

கேள்வி:
தம்பிக்கு கிளஸ்டர் தலைவலின்னு டாக்டர் சொல்லிட்டாங்க. தூங்கின கொஞ்ச நேரத்துல டான்னு வந்துடுது, வலது கண்ணுக்குப் பின்னாடி குத்துது, அந்தக் கண்ணு மட்டும் செவந்து தண்ணியா ஊத்துது, அதே பக்கம் மூக்கும் அடைச்சுக்குது, உக்காரவும் முடியாம படுக்கவும் முடியாம ரூமுக்குள்ளயே நடந்துக்கிட்டே இருக்கான். பாரசிட்டமால் கேக்கவே இல்ல. பாக்க முடியலங்க.

பதில்:
எனக்கும் இதேதான். ஒரு தடவை வந்தா 15 நிமிஷத்துல இருந்து 3 மணி நேரம் வரை போகும், மாத்திரை வேலை செய்யறதுக்குள்ள வலியே உச்சத்துக்குப் போயிடும். அதனால ஆக்சிஜன் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. பை வச்ச மாஸ்க்ல நிமிஷத்துக்கு 12 லிட்டராவது, 15-20 நிமிஷம், நிமிர்ந்து உக்காந்து இழுக்கணும், வலி ஆரம்பிச்ச உடனே போட்டாதான் நல்லா கேக்கும். சிலிண்டர் பக்கத்துல சிகரெட், நெருப்பு கூடவே கூடாது!

பதில்:
வந்த வலியை நிறுத்த சுமாட்ரிப்டான்னு ஒரு ஊசியும் இருக்கு, ஆனா இதய நோய் இருந்தா போடக்கூடாது. வராம தடுக்க வெராப்பமில்னு ஒரு மருந்து தருவாங்க, டோஸ் ஏத்துறப்பல்லாம் ஈசிஜி பாக்கணும், தயவுசெஞ்சு அதை விட்டுடாதீங்க. வலி வர்ற சீசன்ல மது சுத்தமா வேண்டாம், கொஞ்சம் குடிச்சாலே கிளப்பி விட்டுடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. வலி வந்தா நான் தலையைப் பிடிச்சு விடலாமா?

பதில்:
அவர் கேட்டா மட்டும். பலருக்கு அப்ப யாரும் தொட்டாலே பிடிக்காது, நடக்க விடுங்க, மாஸ்க்கை எடுத்துக் குடுங்க. வலி தாங்காம சாகணும்னு பேசினா தனியா விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போங்க.