முழங்காவில் மிளகாய்: நுனி மஞ்சளுக்கு யூரியாவோ, இரும்போ?

குளத்தடி:
கிளிநொச்சி மாவட்டம் முழங்காவில்ல செம்மண் தோட்டம், மிளகாய் நட்டு 45 நாள், கிணற்றுத் தண்ணி. நுனி இலை வெளிறி மஞ்சளாப் போகுது, நரம்பு மட்டும் பச்சை. அடி இலை நல்லாக் கிடக்கு. என்ன போடலாம்?

வயல்கரை:
தழைச்சத்துக் குறைவுதான். செம்மண்ணில அது நிக்காது, இறைக்கிற தண்ணியோட கீழ இறங்கிப் போயிடும். மேற்கட்டா (வளருற பயிருக்கு இடையில போடுற பசளையா) யூரியா போட்டு மண் அணைச்சு விடுங்கோ, ஒரு கிழமையில நிறம் திரும்பும்.

செம்பாட்டான்:
அண்ணை, அடி இலை நல்லாக் கிடக்கு எண்டு அவர் எழுதியிருக்கிறாரே. தழைச்சத்துக் குறைஞ்சால் செடி முதிர்ந்த இலையில இருந்து உருவித்தான் குருத்துக்குக் குடுக்கும். மஞ்சள் அடியில தொடங்கும், நரம்பும் சேர்ந்து வெளிறும். இரும்பு அப்பிடி இடம் மாறாது, அதாலதான் குறை முதல்ல குருத்தில தெரியும். முழங்காவில் சுண்ணக்கல் பக்கம் வேற. கேத்தில் அடியில வெள்ளையாப் படியுதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ, படிஞ்சால் கிணறு கடினத் தண்ணிதான்.

வயல்கரை:
செம்மண் சிவப்பா இருக்கிறதே இரும்பாலதான். அதில இரும்புக் குறை எண்டால் ஆர் நம்புவினம்? எம்.ஓ.பி. (பொட்டாசியப் பசளை) கூடப் போட்டிருந்தால் மக்னீசியம் ஏறாது. அதிலயும் நரம்பு பச்சை, இடையில மஞ்சள்தான்.

செம்பாட்டான்:
மக்னீசியமும் அடி இலையிலதான் தொடங்கும். மண்ணில இரும்பு நிறையக் கிடக்கு, ஆனா மண்ணின்ர காரத்தன்மை (பி.எச்.) ஏறினால் கரையாது, வேர் எடுக்கேலாது. கடினத் தண்ணியை இறைக்க இறைக்க அதில உள்ள பைகாபனேற்று காரத்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

வாதாடத் தேவையில்லை, ஒரு செடியில பாருங்கோ. ஒரு லீற்றர் மழைத்தண்ணியில ரெண்டு மேசைக்கரண்டி தேசிப்புளி விட்டு, பிறகு 5 கிராம் பெரசு சல்பேற்றை (இரும்பு உப்பு) கரையுங்கோ. புளி முதல், உப்புப் பிறகு. வெளிர்பச்சையா இருந்தால் சரி. துரு நிறம் வந்தால் கெட்டுப்போச்சு, ஊத்திவிடுங்கோ. பின்னேரம் பஞ்சால தொட்டு ஒரு மஞ்சள் இலையின்ர ஒரு பாதியில மட்டும் பூசுங்கோ. இரும்புக் குறையெண்டால் ஒரு கிழமைக்குள்ள அந்தப் பாதி பச்சை பிடிக்கும், மற்றப் பாதி அப்பிடியே நிக்கும்.

அடிவேர்:
ரெண்டு பேரும் வேரை மறந்திட்டீங்கள். ஒரு செடியை மண்ணோட கிண்டி எடுத்துக் கழுவிப் பாருங்கோ. முடிச்சு முடிச்சா இருந்தால் வட்டப்புழு (வேரைத் தாக்கிற நெமற்றோட்). மண்ணிறமா அழுகியிருந்தால் தண்ணி கூடிப்போச்சு. பாத்தியில தண்ணி தேங்கினால் வேர் மூச்சு முட்டி, இரும்பு இருந்தும் எடுக்காது. அப்ப இறைப்பைத் தள்ளிவிட வேணும், தெளிச்சுப் பலனில்லை. இலை சுருண்டும் இருந்தால் கதை வேற: மேல்பக்கம் சுருண்டால் பனிப்பூச்சி (திரிப்ஸ்), கீழ்ப்பக்கம் சுருண்டால் மயிற்றா (சிலந்திப்பேன்).

வயல்கரை:
சரி, இரும்பெண்டே வைப்பம். பெரசு சல்பேற்றை மண்ணில போட்டால் லேசான வேலைதானே? ஏன் தெளிப்பான்?

செம்பாட்டான்:
சுண்ணாம்பு மண்ணில அது ரெண்டு மூண்டு நாளில துருவா மாறிடும், காசுதான் கரையும். மண்ணில போடுறதெண்டால் ஈ.டி.டி.எச்.ஏ. இரும்பு (காரத்திலயும் கரைஞ்சு நிக்கிற வகை) வேணும். ஈ.டி.டி.ஏ. வகை விலை குறைவு, ஆனா காரத்தில நிக்காது. அதால 16 லீற்றர் ராங்கிக்கு பெரசு சல்பேற்று 80 கிராம், சிற்றிக் அமிலம் 16 கிராம் போட்டு 10 நாள் இடைவெளியில ரெண்டு மூண்டு தரம் தெளியுங்கோ. தெளிப்புப் பட்ட இலைதான் தேறும், புதுக் குருத்து திரும்பவும் மஞ்சளா வரலாம். அடுத்த மேற்கட்டுக்கு யூரியாவுக்குப் பதிலா அமோனியம் சல்பேற்றுப் போட்டால் வேரடியில காரம் கொஞ்சம் தணியும்.

வயல்கரை:
அமோனியம் சல்பேற்றில தழைச்சத்து 21 வீதம், யூரியாவில 46. ஒரு மூட்டை யூரியாவுக்குப் பதிலா ரெண்டு மூட்டைக்கு மேல சுமக்கவேணும், கூலியையும் சேர்த்துப் பாரும். தம்பி குளத்தடி, பாதி இலையில பூசிப் பாரும். பச்சை வராட்டில் யூரியாச் சாக்கை அவிழ்க்கலாம்.

அடிவேர்:
அவிழ்க்க முதல் வேரைக் கழுவிப் படம் போடுங்கோ.