பல நூலகங்களின் பட்டியலில் எடுத்த நூல் விவரங்களை ஆறு பேர் ஒரே இடத்தில் சேர்ப்பது எப்படி?

உவர்மலை:
திருகோணமலை வரலாறு பற்றிய நூல்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் தயாரிக்கிறோம். ஆறு பேர், மூன்று நூலகங்களின் இணையப் பட்டியல்கள். மூன்றும் கோஹா என்ற நூலக மென்பொருளில்தான் ஓடுகின்றன. இப்போது எல்லாரும் வாட்ஸ்அப்பில் இணைப்புப் போடுகிறோம். சில இணைப்பு அடுத்த கிழமை திறந்தால் வேறு நூல்களைக் காட்டுகிறது. கோஹா கூடையில் போட்டவையும் காணாமல் போகின்றன. தமிழ் எழுத்துக் கெடாமல், கடைசியில் வேர்டில் உசாத்துணைப் பட்டியலாக எடுக்க வேணும். காசு கட்டேலாது.

நிலாவெளி வீதி:
கூடை அந்த உலாவி அமர்வுக்கு மட்டும்தான். மூடினால் போய்விடும். நிரந்தரமாக வேணுமெண்டால் நூலக அங்கத்தவர் கணக்கில் உள்நுழைந்து "லிஸ்ட்ஸ்" பகுதியில் சேமியுங்கோ. அங்கே பொதுப் பட்டியல் தொடங்க நூலகம் அனுமதித்திருந்தால் இணைப்பை யாருக்கும் அனுப்பலாம்.

இணைப்பு மாறுவதற்குக் காரணம், நீங்கள் தேடல் முடிவுப் பக்கத்தின் முகவரியை நகலெடுக்கிறீர்கள். அதைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் தேடல் புதிதாக ஓடும், புதுப்பதிவு வந்தால் வரிசை மாறும். நூலின் தனிப்பக்கத்துக்குப் போய், "பிப்லியோநம்பர்" என்ற சொல்லும் எண்ணும் உள்ள முகவரியை எடுங்கோ. எண்ணுக்குப் பிறகு வருவதை வெட்டிவிடலாம்.

ஆனால் கோஹா பட்டியல் அந்த ஒரு நூலகத்துக்குத்தான். மூன்றையும் சேர்க்க அது உதவாது.

கோணேசபுரி:
நூல் விவரங்களைச் சேர்த்து வைக்கும் சொட்டெரோ என்ற மென்பொருளின் குழு நூலகம்தான் வழி. ஒருவர் தளத்தில் குழு தொடங்கி, "பிரைவேட்" வகையைத் தெரிந்து, மற்ற ஐவரையும் அழைக்க வேணும். திருத்தும் உரிமையை எல்லா அங்கத்தவருக்கும் கொடுங்கோ. இலவசச் சேமிப்பு 300 எம்பி. அது இணைக்கும் பிடிஎஃப் கோப்புகளுக்கு மட்டும். குழுவில் போடும் கோப்புகள் குழு உரிமையாளரின் கணக்கில் கழியும். நூல் விவரத்துக்கு வரம்பில்லை. ஆகவே பிடிஎஃப் போடாதீர்கள், இணைப்பு போதும்.

கணினியில் சொட்டெரோ செயலியைத் திறந்து வைத்து, உலாவியில் அதன் கனெக்டர் என்ற நீட்சியை நிறுவிய பின் நூல் பக்கத்தில் அதன் பொத்தானை அழுத்தினால் விவரம் வந்துவிடும். தேடல் முடிவுப் பக்கத்தில் பொத்தான் கோப்புறைப் படமாக மாறும்; வேண்டியவற்றை மொத்தமாகத் தெரியலாம். சேமிக்கும்போது மேல்தோன்றும் பெட்டியில் குழு தெரிவாகியிருக்கிறதா பாருங்கோ. உங்கள் சொந்த நூலகத்தில் விழுந்ததைப் பிறகு குழுவுக்கு இழுத்தால் அது தனி நகல்தான். ஒன்றில் திருத்தினால் மற்றதில் மாறாது. இரட்டைப் பதிவு பெருகுவது அதிகமாக இதனால்தான்.

978-955, 978-624 என்று தொடங்கும் இலங்கை ஐஎஸ்பிஎன் இருந்தால் சொட்டெரோவின் மந்திரக்கோல் பொத்தானில் இட்டுப் பாருங்கோ. சிறு பதிப்பகங்களின் நூல்கள் பல அகப்படாது. அப்போது கோஹாவின் "சேவ் ரெக்கோர்ட்" பட்டியலில் ஆர்ஐஎஸ் அல்லது மார்க் யூடிஎஃப்-8 என்ற கோப்பு வடிவத்தில் எடுத்து, சொட்டெரோவில் இறக்குமதி செய்யுங்கோ. மார்க்-8 வேண்டாம், அந்தக் குறியேற்றத்தில் தமிழே கிடையாது.

உவர்மலை:
நன்றி. ஒரு பதிவில் தலைப்பு முழுக்க ஆங்கில எழுத்தில் வருகிறது, பக்கத்தில் தமிழ் தெரிகிறதே? ஆசிரியர் பெயரிலும் முதலெழுத்து குடும்பப் பெயர் இடத்தில் போய் நிற்கிறது.

கோணேசபுரி:
அந்த நூலகம் தலைப்பை மார்க் பதிவின் 245ஆம் புலத்தில் ரோம எழுத்திலும், தமிழை 880இலும் வைத்திருக்கும். ஏற்றுமதியில் பெரும்பாலும் 880 விடுபடும். பக்கத்தில் உள்ள தமிழை நகலெடுத்துத் தலைப்பில் ஒட்டுங்கோ. ரோம வடிவத்தை "எக்ஸ்ட்ரா" புலத்தில் விடுங்கோ, பிறகு தேட உதவும்.

சொட்டெரோவில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பொத்தான் உண்டு. ஒற்றைப் புலமாக்கி, அட்டையில் உள்ளபடி முதலெழுத்தோடு எழுதுங்கோ. நமக்குக் குடும்பப் பெயர் இல்லையே, அதைப் பிரிப்பது வீண் வேலை. ஒரே ஆசிரியருக்கு ஆறு பேரும் ஒரே வடிவம் பாவிக்க வேணும், புள்ளி, இடைவெளி உட்பட.

சல்லி:
கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்கள் சொட்டெரோ தளத்தில் உள்நுழைந்து ஐஎஸ்பிஎன் கொடுத்தே சேர்க்கலாம். கணக்கே வேண்டாம், ஒரு தரம் பட்டியல் அனுப்பினால் போதும் என்றால் சொட்டெரோபிப் என்ற தளம். ஆனால் அந்தப் பட்டியல் உலாவியில்தான் கிடக்கும். "லிங்க் டு திஸ் வெர்ஷன்" அழுத்தி இணைப்பை எடுத்துவிடுங்கோ.

"நூலகம்" என்ற மின்னூலகத் தளத்தில் மின்வடிவம் இருந்தால் அந்தப் பக்கத்திலுள்ள நூலக எண்ணை "லொக். இன் ஆர்கைவ்" புலத்தில் போடலாம். பழைய நூற்பட்டியலைப் பாமினி எழுத்துருவில் யாராவது தந்தால் நேரே ஒட்டாதீர்கள், யுனிகோடுக்கு மாற்றிய பிறகே. இல்லாட்டி எழுத்துரு மாறியதும் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், தேடலிலும் அகப்படாது.

தேடும்போது திருகோணமலை, திருக்கோணமலை, டிரிங்கோமலி மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கோ. மாதம் ஒருக்கா குழுவை ஆர்ஐஎஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கோ. திருத்தும் உரிமை ஆறு பேருக்கும் இருந்தால் அழிக்கும் உரிமையும் ஆறு பேருக்கும்தான்.